ஸ்வீட் ஹோம் 3டி: சோபா வீட்டைவிடப் பெரிதாகத் தெரிந்தால்

சோபாவைச் சுருக்காதீர்கள். பின்னணிப் படமாக ஏற்றிய பிளானின் அளவுகோலைத்தான் திருத்த வேண்டும். உபுண்டு லினக்ஸ் கணினியில், வீட்டு அமைப்பை வரைந்து பார்க்கும் ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருளில், வீட்டு பிளானை ஸ்கேன் செய்து ஏற்றி, அதன்மேல் சுவர் வரைந்ததும் சோபா வீட்டைவிடப் பெரிதாக நிற்கிறது என்றீர்கள். அலகுதான் குழப்பியிருக்கும். மென்பொருள் சென்டிமீட்டரில் இருக்க, பிளானில் உள்ள 10 அடியை நீங்கள் வெறும் 10 என்று அடித்திருப்பீர்கள். சரியான எண் 304.8.

1. ஃபைல் மெனுவில் ப்ரிஃபரன்சஸ் போய் அலகை அடி, அங்குலத்துக்கு மாற்றுங்கள். நம் ஊர் பிளானுக்கு அதுதான் வசதி.

2. பிளான் மெனுவில் பின்னணிப் படத்தை மாற்றும் வசதியைத் திறங்கள். படத்தின்மேல் ஒரு வண்ணக் கோடு வரும். அதன் இரு முனைகளையும் அளவு தெரிந்த சுவரின் இரு மூலைகளில் வைத்து, நீளத்தை அடி, அங்குலத்தில் உள்ளிடுங்கள். இருப்பதிலேயே நீளமான சுவரை எடுங்கள். கை சற்றுப் பிசகினாலும் பிழை குறைவாக இருக்கும்.

3. அப்புறம் அளவுக்கோடு கருவியால் வாசற்கதவை அளந்து பாருங்கள். மூன்றடிக் கதவு மூன்றடி காட்டினால் சரி.

ஏற்கெனவே வரைந்த சுவர்கள் இதனால் மாறாது. அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள், அதுவே சுலபம்.

பிளானை போனில் சாய்வாகப் படம் எடுத்திருந்தால் நீளம் பொருந்தும், அகலம் பொருந்தாது. அப்போது நேராக ஸ்கேன் செய்த படம்தான் வேண்டும்.