வெளிநாட்டுக் குழு, உள்ளூர்ச் செய்தி: களஆய்வும் பத்திரிகைகளும் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

வணக்கம்ங்க. நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. தமிழ் நாளிதழ் ஒன்றின் கோவைப் பதிப்பில் 11 வருடம் நிருபராக இருந்தேன். அப்புறம் 9 வருடமாக, பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து நம் பக்கம் நடத்தும் களஆய்வுகளுக்குப் பத்திரிகைத் தொடர்பு பார்க்கிறேன். யானை, பாறு கழுகு (பிணந்தின்னிக் கழுகு), கிணற்றுத் தண்ணீர், அகழாய்வு என்று பலதும் பார்த்தாயிற்று. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி மாணவி, ஆனைகட்டி: அக்கா, எங்கள் குழுவில் நாலு நாட்டு ஆட்கள். அடுத்த மாதம் மலையடிவாரத்தில், விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் கேமரா கட்டப் போகிறோம். கட்டுரை வெளியாகும்வரை பத்திரிகை பக்கமே போகாதே என்கிறார் கைடு. ஊரில் இப்போதே விசாரிக்கிறார்கள். என்ன சொல்ல?

அம்மிணி, கைடு சொல்வது முடிவுகளுக்குப் பொருந்தும். ஆய்வு நடக்கிறது என்பதையே மறைத்தால் வம்புதான்.

சத்தி பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மரத்துக்கு மரம் பச்சைப் பெட்டியில் கேமரா கட்டினோம். கூட இரண்டு வெள்ளைக்காரர்கள். மூன்றாம் நாள் டீக்கடையில், "புலிக்காக ஊரைக் காலி பண்ணப் போறாங்க, அதுக்குத்தான் அளக்கறாங்க" என்று பேச்சு. நாலாம் நாள் அது செய்தியாக வந்தது. ஐந்தாம் நாள் 14 கேமராவில் ஆறைக் காணோம். தாலுகா நிருபர் மேல் தப்பே இல்லை. ஊரில் பேசியதை எழுதினார். எழுதும் முன் எங்களுக்கு இரண்டு தடவை போன் போட்டிருக்கிறார். எல்லோரும் மலைமேல், எடுக்க ஆள் இல்லை. அந்த ஊரின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2013-ல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானது, 2022-ல் திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. புதிதாக யார் வந்து எதைக் கட்டினாலும் சந்தேகம் வராமல் இருக்குமா?

அதனால் கேமரா கட்டுவதற்கு முன்பே ஒரு பக்கத் தமிழ்த்தாள் எழுதுங்கள். யார் வருகிறார்கள், எத்தனை மாதம், எதை எண்ணுகிறார்கள், யார் அனுமதி கொடுத்தது, ஆட்கள் படம் விழுந்தால் என்ன செய்வீர்கள், எந்த நம்பருக்குக் கூப்பிடலாம். அதைக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கேள்வி வரும், கோபமும் வரும், இருந்து கேளுங்கள். மறுநாள் அதே தாளைத் தாலுகா நிருபர்களுக்குக் கொடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. தன் மலையில் நடப்பதை ஊர்க்காரர் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அதற்கப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

பேராசிரியர், கோவை: பத்திரிகைக்குப் பேசிவிட்டால் ஆய்விதழ் கட்டுரையை நிராகரித்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மைங்க சார். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆசிரியராக இருந்த இங்கல்ஃபிங்கர், வேறெங்கும் வெளியான முடிவுகளை ஏற்கமாட்டோம் என்று 1969-ல் வைத்த விதியில் இருந்து வந்த பயம் இது. இன்றைக்குப் பெரும்பாலான இதழ்கள் மாநாட்டில் பேசுவதையும் முன்அச்சில், அதாவது நிபுணர் பரிசீலனைக்கு முன்பே இணையத்தில், போடுவதையும் அனுமதிக்கின்றன. முடிவுகளை நீங்களாகப் போய்ப் பத்திரிகையில் பரப்புவதுதான் கூடாது. எதை ஆராய்கிறோம், எப்படி, ஏன் என்பதைத் தாராளமாகச் சொல்லலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நேச்சர் இதழின் கட்டுரைகளுக்கு எம்பார்கோ, அதாவது அதற்கு முன் செய்தி போடக்கூடாது என்ற தடை, விலகுவது புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு. நமக்கு அது குளிர்காலத்தில் இரவு 9:30, கோடையில் 8:30. மாவட்டப் பக்கங்கள் முடியும் நேரம் அது. தமிழ்க் குறிப்பை அன்று இரவு அனுப்பினால் எந்தப் பக்கத்திலும் இடம் இருக்காது. மறுநாள் லண்டன் செய்தியை மொழிபெயர்த்துப் போடுவார்கள். நம் மலையைப் பற்றிய செய்தி நம் ஆட்களுக்குச் சுற்றிக்கொண்டு வருவது எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது. நேரக் கட்டுப்பாட்டை மதிக்கும் நிருபர்களுக்கு இரண்டு நாள் முன்பே தமிழில் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுக்கலாமா என்று இதழின் பத்திரிகைப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

களப்பணியாளர், பவானிசாகர்: ஒரு டிவி சேனல் பாறு கழுகுக் கூட்டைக் காட்டச் சொல்லி நெருக்குகிறது. நல்ல விளம்பரம்தானே, கூட்டிப் போகலாமா?

வேண்டாம் தம்பி. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. பருவத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஆள் சத்தத்தில் தாய்ப்பறவை எழுந்து போய்விட்டால் அந்த வருடம் போனதுதான். இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்த இனத்தில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது. மிச்சம் இருப்பதை வைத்து விளம்பரம் தேட நமக்கு உரிமை இல்லை. காப்பகத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதியும் தனியாக வேண்டும்.

ஆனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். தூரத்தில் இருந்து உங்கள் குழு எடுத்த காட்சிகளை எல்லாச் சேனலுக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன் படத்துக்குள் பதிவாகியிருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை அழித்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். அப்புறம் கேமராக்காரரை ஒரு மாட்டுப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசிதான் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004-ல் தெரிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்ட கதையைக் கால்நடை மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள். கூட்டைக் காட்டுவதைவிட அது நல்ல செய்தி.

நிருபர், ஈரோடு: உங்கள் விஞ்ஞானிகள் எதைக் கேட்டாலும் "இருக்கலாம்" என்கிறார்கள். அகழாய்வுச் செய்தியில் "இருக்கலாம்" என்று தலைப்பு போட முடியுமா?

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியும், நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆனால் அந்த "இருக்கலாம்" ஏன் வருகிறது என்று பாருங்கள். கரித்துண்டின் வயதைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்பு அறிக்கையில் "2500 பி.பி." என்று இருக்கும். அதை ஒரு நண்பர் "கி.மு. 2500" என்று எழுதி, செய்தி மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. பி.பி. என்பது 1950-ஐ "இன்று" என்று வைத்துப் பின்னால் எண்ணுவது. நேராகக் கழித்தால் கி.மு. 550 பக்கம் வரும். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் கூடிப்போனது. அதோடும் முடியாது. வயது தெரிந்த மரவளையங்களை வைத்து வரைந்த வளைகோட்டோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவில் அந்த வளைகோடு தட்டையாகக் கிடப்பதால், ஒரே கரித்துண்டுக்குச் சில நூறு வருட இடைவெளி கிடைக்கும். விஞ்ஞானி மழுப்பவில்லை, அளவுகோல் அவ்வளவுதான் சொல்கிறது.

தலைப்புக்கு வேறு விஷயம் இருக்கிறதே. அகழாய்வு நடந்த கொடுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் வடகரையில் மணி செய்த இடம், இரும்பு உருக்கிய உலை, பெயர் கீறிய பானை ஓடுகள், எல்லாம் கையில் தொட்டுப் பார்க்கக்கூடியவை. பதிற்றுப்பத்தில் "கொடுமணம்" என்று வரும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. வருடக்கணக்கை உள்ளே மூன்றாம் பத்தியில் இடைவெளியோடு கொடுத்துவிட்டு, தலைப்பில் மணியைப் போடுங்கள்.

ஆய்வு உதவியாளர், வால்பாறை: எங்கள் தலைமை ஆய்வாளருக்குத் தமிழ் தெரியாது. பேட்டியில் நான் மொழிபெயர்த்தால் போதுமா?

போதாதுங்க. தமிழில் பேசவே ஒருவரைத் தயார் செய்யுங்கள், அது நீங்களாகவே இருக்கலாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். கேமரா ட்ராப்பை ஒருவர் "கேமரா பொறி" என்றார். புலியைப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள் என்று பரவிவிட்டது. அன்றிலிருந்து "தானியங்கி கேமரா" என்றுதான் சொல்கிறேன். "பாப்புலேஷன்" என்றால் யானைக்கு "மக்கள்தொகை" என்று எழுதிவிடுகிறார்கள், "எண்ணிக்கை" போதும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். சென்னிமலை பக்கம் ஒரு விவசாயி, "எங்க காட்டுல குழி தோண்டறாங்க" என்று பேட்டி கொடுத்தார். நமக்குக் காடு என்றால் மானாவாரி நிலம். சென்னை டெஸ்க்கில் அது "வனப்பகுதியில் குழி தோண்டிய வெளிநாட்டினர்" ஆகிவிட்டது. வன அதிகாரியிடம் இருந்து மதியத்துக்குள் மூன்று போன்.

அதே வால்பாறையில் இருந்து இன்னொருவர்: உள்ளூர் கேபிள் டிவியை நம்பலாமா?

உங்கள் ஊரே சாட்சி. யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று கேபிளில் ஓடிய வரியும், செல்போனுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸும், முக்கில் எரியும் சிவப்பு விளக்கும் எத்தனையோ பேரைக் காப்பாற்றி இருக்கின்றன. அந்த வேலைக்காக யானை ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல், இயற்கைப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விட்லி விருது கிடைத்தது. நம்புங்கள்.

ஒருங்கிணைப்பாளர், சேலம்: பிரஸ் மீட்டில் நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்க வேண்டுமா?

கூடாது. டீ, சாப்பாடு, மலைக்குப் போய்வர வண்டி, அவ்வளவுதான். ஒரு தடவை கொடுத்தால், கெட்ட செய்தி வரும் நாளில் உங்களால் நிமிர்ந்து பேச முடியாது.

தண்ணீர் ஆய்வாளர், திருப்பூர்: நொய்யல் கரையில் கிணற்று நீர் சோதித்தோம். எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்ற பட்டியலை நிருபர்கள் கேட்கிறார்கள்.

பட்டியலில் முதல் உரிமை கிணற்றுக்காரருக்கு. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊர்கள் இவை. ஒரு கிணற்றின் பெயர் பேப்பரில் வந்தால் நிலத்தின் விலை விழும், அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவைத் தாளில் கொடுத்து, குடிக்கலாமா, மாட்டுக்கு வைக்கலாமா என்று விளக்குங்கள். பத்திரிகைக்குக் கிராம வாரியாகத் தொகுத்துக் கொடுங்கள். ஆனால் குடிக்க ஆபத்தான அளவு வந்திருந்தால் கட்டுரைக்காக ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், மாவட்ட நிர்வாகத்துக்கு அன்றே சொல்லுங்கள்.

குழுத் தலைவர், மேட்டுப்பாளையம்: களத்தில் யாருக்காவது அடிபட்டால் யார் பேசுவது?

இதை எழுதும்போது கை கனக்கிறது. எங்களோடு வழிகாட்டியாக வந்த இருளர் அண்ணன் ஒருவரை யானை தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியில் யாரோ எடுத்த படம், அவர் மனைவியின் செல்லுக்கு வாட்ஸ்அப்பில் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உங்க யாருக்கும் எங்க வீடு தெரியாதா?"

இப்போது எந்தக் குழுவிலும் முதல் நாளே ஒவ்வொருவரின் வீட்டு நம்பரும், நேரில் போய்ச் சொல்ல வேண்டிய ஆளும் தாளில் இருக்கும். முதலில் குடும்பம். அடுத்து வனச்சரகர், போலீஸ். அப்புறம்தான் பத்திரிகை. ஒருவர் மட்டும் பேச வேண்டும். என்ன நடந்தது, அடிபட்டவர் எப்படி இருக்கிறார், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று மூன்று வரி. குடும்பம் சரி என்று சொல்லும்வரை பெயர் வேண்டாம். சம்பளம், காப்பீடு பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். வேலைக்குச் சேர்க்கும்போதே காப்பீடு போட்டிருந்தால்தான் அந்தக் கேள்விக்கு உங்களால் வாய் திறக்க முடியும்.

விவசாயி, சென்னிமலை பக்கம்: எங்க காட்டுலதாங்க குழி போட்டிருக்காங்க. கேமராக்காரங்க நிலக்கடலைச் செடியை மிதிச்சுட்டுப் போறாங்க. வேண்டாம்னு சொல்லலாங்களா?

தாராளமாகச் சொல்லலாங்கண்ணா. குழுவுக்கு நீங்கள் கொடுத்த சம்மதம் குழுவுக்கு மட்டும். நிருபர்கள் வரும் முன் உங்களிடம் கேட்டு, வரப்பு வழியாகக் கூட்டி வந்து, திருப்பி அனுப்புவது குழுவின் பொறுப்பு. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்று நீங்களே வரையறுத்துக் கொடுங்கள். செடி சேதத்துக்குக் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழியில் கிடைத்ததைப் பேப்பரில் போடும் முன் உங்கள் வீட்டு ஆட்களுக்கு முதலில் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் எனக்குக் கூப்பிடுங்கண்ணா, நான் வந்து பேசுகிறேன்.