கணவரின் கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவது கர்ப்பத்தில் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருப்பதும், நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளசென்டா) கீழே இறங்கியிருப்பதும் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்தது. பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன் செய்தபோது கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். குழந்தை நலம். மலையாளப் படிவத்தில் என் கணவர்தான் கையெழுத்திட்டார். எனக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம், ஆனால் எந்தக் குற்றச்சாட்டின் பேரில் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணின் உடல்மீது அவருடைய சம்மதமே செல்லும், உறவினரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய சிகிச்சைக்கு விலக்கும் அளித்திருக்கிறது. முன்பு சிசேரியன் ஆன தழும்பின்மேல் நஞ்சு ஒட்டி வளர்ந்துவிட்டால் இரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் போவதுண்டு. அந்த நேரத்தில் கருப்பையை எடுப்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட வழிதான். ஆகவே "ஏன் எடுத்தார்கள்" என்பதைவிட, "ஐந்தாம் மாதமே ஆபத்து தெரிந்திருந்தும் எனக்குப் புரியும் மொழியில் ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை" என்ற கேள்வியே உங்கள் வழக்குக்கு வலுச் சேர்க்கும் என்பது என் கருத்து.

இதற்கான விடை மருத்துவ ஆவணங்களில் இருக்கிறது. அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஏற்றிய இரத்தத்தின் அளவு, எடுத்த கருப்பையின் திசுப் பரிசோதனை அறிக்கை, ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் நகல்களை எழுத்துமூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நஞ்சு கருப்பைச் சுவரை ஊடுருவியிருந்ததாக அறிக்கை சொன்னால், எடுத்தது தவறு என்று வாதிடுவது கடினம். மாறாக, பெரிய இரத்தப்போக்கு ஏதும் பதிவாகாமல், கட்டி இருந்ததையே காரணமாக எழுதியிருந்தால், மேற்சொன்ன தீர்ப்பு நேரடியாக உங்கள் பக்கம் நிற்கும்.

பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அறுவை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே காலக்கெடு. காவல் நிலையத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஜேக்கப் மேத்யூ வழக்கின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி குற்றவியல் நடவடிக்கைக்கு மிகக் கடுமையான அலட்சியம் தேவை. செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்பதை மனுவிலேயே குறிப்பிடுங்கள்.