சாவி யாரிடம்?

போன இதழில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்றே இன்னும் பிடிபடாதவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசுவதற்காக வாடகைக்கு எடுத்த ஒரு மாடி அறை. நடத்துவது ஆறு தன்னார்வலர்கள், அதில் நானும் ஒருத்தி. தபால் துறையில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். இருந்தும் ஒரே வாரத்தில் இத்தனை கடிதம் என் பெயருக்கு வந்ததில்லை. முடிந்தவற்றுக்கு இங்கே பதில்.

அப்படி என்னதான் அம்மா பேசுகிறீர்கள், கதவைச் சாத்திக்கொண்டு?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்*

கதவு திறந்துதான் இருக்கும் ஐயா. சாத்தினால் புழுக்கம் தாங்காது.

மூன்றரை மணிக்கு நான் போய்ப் பூட்டைத் திறப்பேன். பிளாஸ்டிக் நாற்காலி 14. ஒன்றில் கால் விரிசல். தெரியாமல் யாராவது உட்கார்ந்து விழக்கூடாது என்று அதில் நானே உட்கார்ந்துகொள்வேன். பிளாஸ்கில் டீ வரும். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணித்தான் எத்தனை பேர் என்று கணக்கு. பெயர் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் இல்லை.

பேச்சு என்று பார்த்தால் பாதி நேரம் வாடகை வீடு, மேனேஜர் தொல்லை, மெஸ் சாப்பாடு. மீதிப் பாதியை இங்கே எழுத முடியாது. அங்கே பேசுவது அங்கேயே இருக்கும் என்று நம்பித்தான் வருகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், சம்பந்தப்பட்டவள் சரி என்றதால். ஒரு பெண் மூன்று ஞாயிறு படிக்கட்டின் திருப்பம் வரை வந்து திரும்பிப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அடுத்த வாரம் வரமாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். நாலாவது ஞாயிறு உள்ளே வந்து, “சார்ஜர் போட பிளக் எங்க இருக்கு?” என்றாள். ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினாள். இன்றைக்கு எங்கள் வரவுசெலவு நோட்டு அவளிடம்தான்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு இடம் தொடங்க ஆசை. நாலு பேர் இருக்கிறோம். முதலில் எதைச் செய்வது?
*பெயர் வேண்டாம், சேலம்*

தம்பி (தங்கையாகவும் இருக்கலாம், கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை), முதலில் கிழமையையும் நேரத்தையும் முடிவு பண்ணுங்கள். லோகோ, பெயர், தலைவர் பதவி எல்லாம் அப்புறம். யாரும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்கு விளக்கு எரிய வேண்டும். முதல் இரண்டு மாதம் நாங்கள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்காரரிடம் பொய் சொல்லி இடம் பிடிக்காதீர்கள். முதல் அறையை “டியூஷன்” என்று சொல்லித்தான் எடுத்தோம். ஐந்தாவது மாதம் தெரிந்தது, ஒரு வார அவகாசத்தில் காலி செய்தோம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இப்போதைய வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தண்ணி மோட்டாரை ராத்திரி போடாம இருந்தா சரி” என்றார்.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள். எங்களுக்கு ஒரு தவறு நடந்திருக்கிறது. கேக் வெட்டிய படத்தை எங்களில் ஒருவர் ஆசையாக ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். பின்னால் நின்ற பையனை அவன் மாமா பார்த்துவிட்டார். அவன் அதன்பிறகு வரவே இல்லை. அன்றிலிருந்து உள்ளே வந்ததும் செல்போன் எல்லாம் அலமாரி மேல்தட்டில்.

போலீஸ் பயம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு காவல்துறையின் கீழ்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். எல்ஜிபிடி மக்களை, அதாவது தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் போன்றவர்களை மட்டுமல்ல, அவர்கள் நலனுக்காக வேலை செய்கிறவர்களையும் போலீஸார் துன்புறுத்தக்கூடாது என்கிறது அது. நம்மைப் போன்றவர்களையும் கணக்கில் எடுத்து எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு பிரதி எடுத்து அலமாரியில் வையுங்கள். முறைப்படி விசாரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கமாகப் பதிய 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். நாலு பேர்தானே இருக்கிறீர்கள், அவசரமில்லை.

இன்னொன்று. ராத்திரி 2 மணிக்கு யாராவது “சாகலாம் போல இருக்கு” என்று போன் செய்வார்கள். நாம் டாக்டர் இல்லை. லைனில் இருங்கள், பேசவிடுங்கள். அப்படியே டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐயும் கொடுங்கள். மறுநாள் நீங்கள் யாரிடமாவது பேசியாக வேண்டும், அதற்கும் ஓர் ஆளை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறதா?
*வாசகர், கரூர்*

வெளிநாட்டுப் பணம் வாங்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். எங்களிடம் அது இல்லை, கேட்கவும் இல்லை. வாடகையை ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். டீக்கு ஒரு ஹார்லிக்ஸ் டப்பா வைத்திருக்கிறோம், முடிந்தவர்கள் போடுவார்கள். ஒருமுறை அதில் 500 ரூபாய் நோட்டு ஒன்று கிடந்தது. தவறிப்போய் விழுந்ததோ என்று இரண்டு வாரம் அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தோம்.

அமெரிக்காவில் இதற்கென்று பெரிய கட்டடங்களே இருக்கின்றனவாமே?
*கல்லூரி மாணவி, கோவை*

ஆமாம் பாப்பா. நியூயார்க்கில் மேற்கு 13-ஆம் தெருவில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் 1983 முதல் இப்படி ஒரு மையம் நடக்கிறது. எய்ட்ஸ் காலத்தில் அரசையும் மருந்துக் கம்பெனிகளையும் உலுக்கிய ஆக்ட் அப் இயக்கம் 1987-இல் அங்கே நடந்த கூட்டத்தில்தான் பிறந்தது. 1989-இல் கீத் ஹாரிங் என்ற ஓவியர் அந்தக் கட்டடத்தின் கழிப்பறைச் சுவர் முழுக்கப் படம் வரைந்தார். எங்கள் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது.

என் மகளுக்கு 22 வயது. பெண்ணைத்தான் பிடிக்கும் என்கிறாள். ஒரு டாக்டர் மாற்றிவிடலாம் என்கிறார். கூட்டிப் போகட்டுமா?
*ஒரு அம்மா, நாகர்கோவில்*

வேண்டாம் அம்மா. மாற்றுவதற்கு அது நோய் இல்லை. இப்படி “மாற்றும்” வைத்தியத்துக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. உங்களிடம் அப்படிச் சொன்னவருக்கு இது தெரியாமல் இருக்காது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுதினார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது நமக்கு என்ன வெட்கம்?

என் மகன் என்னிடம் சொன்னது 2013 டிசம்பரில். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வாரம். அது 2018-இல்தான் விழுந்தது. நான் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். “அம்மா, அதுல நானும் இருக்கேன்” என்றான். நான் எழுந்து போய்ப் பால் காய்ச்சினேன். எட்டு நாள் அவனோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டேன். அந்த எட்டு நாளை அவன் இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை, எனக்குத்தான் மறக்கவில்லை.

உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இன்று ராத்திரி சாப்பிடும்போது அவளோடு வேறு ஏதாவது பேசுங்கள், சீரியல், பக்கத்து வீட்டுக் கல்யாணம், எதுவானாலும் சரி. எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு அம்மாவைப் பேசச் சொல்கிறேன்.

இவர்களை என்ன வார்த்தை சொல்லி எழுதுவது? தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
*பகுதிநேர நிருபர், தஞ்சாவூர்*

2022-இல் தமிழ்நாடு அரசே சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. திருநர் (டிரான்ஸ்ஜெண்டர்), பால்புதுமையர் (குயர்) எல்லாம் அதில் உண்டு. அது கையில் இருக்கட்டும். ஆனால் எதிரில் இருப்பவரிடம், “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேட்டுவிடுவது எளிது. என்னை அங்கே பாதிப் பேர் ஆன்ட்டி என்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் கேட்பதில்லை.

நீங்கள்தான் அந்த மையத்தின் தலைவியா?
*வாசகி, மதுரை*

சாவி என்னிடம் இருந்ததால் எல்லோரும் அப்படி நினைத்தார்கள், நானும்தான் நினைத்துக்கொண்டேன். போன மழைக்காலத்தில் எனக்கு டைபாய்டு வந்து மூன்று ஞாயிறு படுத்துவிட்டேன். முதல் ஞாயிறு பூட்டிய கதவுக்கு வெளியே 9 பேர் படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். “ஏன் ஒரு போன் பண்ணலை?” என்று கேட்டேன். “உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்னுதான்” என்றார்கள். எனக்கு மகா கோபம், அவர்கள் மேல் இல்லை.

தேறியதும் முதல் வேலையாகக் கடைத்தெருவில் 60 ரூபாய் கொடுத்து இன்னொரு சாவி செய்து, எங்கள் திருநம்பித் தம்பி ஒருவரிடம் கொடுத்தேன். பகலில் பைக் மெக்கானிக், கையெல்லாம் கிரீஸ். முதல் நாள் நாலு மணிக்கு நான் இரண்டு முறை போன் பண்ணித் திறந்தாயிற்றா என்று கேட்டேன். மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை.

வரும் ஞாயிறு பேத்திக்குக் காதுகுத்து, நான் ஊரில் இல்லை. கூடம் வழக்கம்போல நாலு மணிக்கு.