கணினிக் கேள்வி பதில்: மடையைத் திறக்கும் உரிமை யாருக்கு?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். இனக்குழு, மரபுரிமம், பல்லுருவாக்கம் என்று பள்ளியில் படித்தவற்றையே கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் என்று மீண்டும் படிக்கிறேன். வரையறை கேட்டால் எழுதிவிடுவேன். ஆனால் ஆய்வகத்தில் ஒரு கணக்கைக் கொடுத்தால், எதைக் கிளாஸாக வைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும், நிரல் ஓடத் தொடங்கும் பகுதியான மெயினுக்குள்ளேயே எழுதிவிடுகிறேன். இதை எப்படிச் சரிசெய்வது?
– ஒரு மாணவி, சேரன்மகாதேவி

பதில்: வரையறையிலிருந்து தொடங்கியதால் வந்த சிக்கல் இது. அந்தச் சொற்களையெல்லாம் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, எந்தக் கணக்கைக் கொடுத்தாலும், "இந்தத் தரவை மாற்றும் உரிமை யாருக்கு?" என்று முதலில் கேட்டுப் பழகுங்கள்.

உங்கள் ஊர் வழியாகக் கன்னடியன் கால்வாய் போகிறது. அதைப் போன்ற ஒரு கால்வாயின் கீழ் வரிசையாக இருக்கும் குளங்களை நிரலாக எழுதச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு கொள்ளளவும், இன்றைய நீர் இருப்பும் உண்டு. எல்லாவற்றையும் மெயினுக்குள் எழுதினால், இருப்பு என்ற மாறியை நிரலின் எந்த மூலையிலிருந்தும் மாற்றலாம். எங்கோ ஒரு வரி பிசகி இருப்பு மைனஸ் 40 என்று வந்து நின்றால், அது எந்த வரி செய்த வேலை என்று நிரல் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். ஊரில் அப்படி விடமாட்டார்கள். நினைத்தவரெல்லாம் கரையை வெட்ட முடியாது. வயலுக்குத் தண்ணீர் மடை வழியாகத்தான் போகும், அந்த மடையைத் திறந்து அடைப்பது நீர்பாய்ச்சியின் பொறுப்பு. நிரலிலும் குளத்தை ஒரு கிளாஸாக, அதாவது தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் சேர்த்துவைத்த ஒரு வார்ப்பாக எழுதுங்கள். இருப்பை பிரைவேட் (வெளியிலிருந்து தொட முடியாதது) என்று அறிவித்து, 'நீர்பெறு', 'மடைதிற' என்ற இரண்டு மெத்தட்கள் (கிளாஸுக்குள் எழுதும் செயல்கள்) வழியாக மட்டும் அதை மாற்ற விடுங்கள். கேட்ட அளவு இருப்பைவிடக் கூடுதலாக இருந்தால், உள்ளதை மட்டும் கொடுக்கும்படி 'மடைதிற' மெத்தடை எழுதுங்கள். இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகாமல் காக்கும் பொறுப்பை இப்போது குளமே ஏற்றுக்கொண்டுவிட்டது. பிழை நேர்ந்தாலும் அந்தக் கிளாஸுக்குள் தேடினால் போதும். நீங்கள் வரையறையாக மனப்பாடம் செய்த உறைபொதியாக்கம் (என்கேப்சுலேஷன்) இதுதான்.

அடுத்து, குளம் நிரம்பியபின் மிகுநீர் வெளியேறும் வழியான மறுகாலைப் பாருங்கள். கொள்ளளவு 100 அலகு, இருப்பு 80 என்று உள்ள குளத்துக்கு 30 அலகு வந்தால், அது 20 அலகை வைத்துக்கொண்டு, மீதி 10 அலகை மறுகால் வழியே கீழே அனுப்ப வேண்டும். கீழ்க்குளமும் 100 அலகு கொள்ளளவு உடையது, அதில் ஏற்கெனவே 95 இருக்கிறது என்றால், அது 5 அலகை வைத்துக்கொண்டு 5 அலகை ஆற்றுக்கு அனுப்பும். ஆறு வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு ஓடும். இங்கே மேற்குளம் தனக்குக் கீழே இருப்பது குளமா, ஓடையா, தாமிரபரணியா என்று விசாரிப்பதே இல்லை. 'நீர்பெறு' என்று சொல்லி அனுப்புகிறது, பெறுவது எதுவோ அது தன் இயல்புப்படி பெற்றுக்கொள்கிறது. ஜாவாவில் 'நீர்பெறு' என்ற ஒரே மெத்தடை உடைய ஒரு இன்டர்ஃபேஸை (எந்த மெத்தட்கள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் அறிவிப்பை) எழுதி, குளம், ஓடை, ஆறு மூன்றையும் அதன்படி அமைத்தால், நாளை ஒரு தடுப்பணையைச் சேர்க்கும்போது குளத்தின் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஒரே அழைப்புக்கு ஒவ்வொன்றும் தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் பல்லுருவாக்கத்தின் பயன் இந்த இடத்தில்தான் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. உங்களுக்கும் தெரியும் என்று நம்புகிறேன்.

குளத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் 1960களில் சிமுலா மொழியை உருவாக்கியதே, வரிசைகளும் ஓட்டங்களும் நிறைந்த வெளியுலக அமைப்புகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்காகத்தான். கிளாஸும், ஒரு கிளாஸின் இயல்புகளை இன்னொரு கிளாஸ் பெறும் மரபுரிமமும் அம்மொழியின் அடுத்த வடிவமான சிமுலா 67 மூலம் வந்தன. அந்தப் பணிக்காக இருவருக்கும் கணினி அறிவியலின் மிக உயரிய விருதான டூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள், ஏனெனில் என் மாணவர்கள் பலர் இடறிய இடம் இது. ஜாவாவில் ஒரு குளத்தை 'அ' என்ற மாறியில் உருவாக்கிவிட்டு, 'ஆ = அ' என்று எழுதினால் இரண்டாவது குளம் பிறப்பதில்லை. ஒரே குளத்தைக் கீழத்தெருக்காரர் ஒரு பெயராலும் மேலத்தெருக்காரர் இன்னொரு பெயராலும் அழைப்பதைப் போன்றது அது. 'ஆ' வழியாக மடையைத் திறந்தால் 'அ'விலும் தண்ணீர் குறையும். ஆய்வகத்துக்குப் போகும் முன், கிளாஸிலிருந்து உருவாக்கிய ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் ஒரு கட்டமாகவும் மாறிகளை அம்புக்குறிகளாகவும் தாளில் வரைந்து, நிரலை வரி வரியாகக் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். வீட்டில் கணினி இல்லாதவர்களும் செய்யக்கூடிய பயிற்சி இது.

கேள்வி: என் மகன் சி பிளஸ் பிளஸில் தொடங்குவதா, ஜாவாவிலா, பைத்தானிலா என்று குழம்புகிறான்.
– ஒரு தந்தை, அம்பாசமுத்திரம்

பதில்: பாடத்திட்டத்தில் எது இருக்கிறதோ அதிலேயே தொடங்கட்டும், பருவத்தின் நடுவே மொழி மாற்ற வேண்டாம். பைத்தானாக இருந்தால் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். சி பிளஸ் பிளஸிலும் ஜாவாவிலும் பிரைவேட் என்று அறிவித்ததை வெளியிலிருந்து தொட்டால், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிடும். பைத்தானில் பெயருக்கு முன்னால் அடிக்கோடு இடுவது ஒரு மரபு மட்டுமே, காவல் அன்று. ஆகவே அந்த ஒழுங்கை அவனே கடைப்பிடிக்க வேண்டும்.

கேள்வி: நிரலில் மரபுரிமம் எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
– ஒரு மாணவர், பேட்டை

பதில்: சரியன்று. தாய் கிளாஸ் நிற்கும் எந்த இடத்திலும் சேய் கிளாஸை வைத்தால் நிரல் பிசகாமல் ஓட வேண்டும் என்று கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்த கருத்தே இதற்கு உரைகல். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே (ஆயத்த கிளாஸ்களின் தொகுப்பிலேயே), பொருந்தாத இடத்தில் மரபுரிமத்தைப் புகுத்திய தவறு நேர்ந்திருக்கிறது. ஸ்டாக் (அடுக்கு) என்றால் மேலே வைத்து மேலேயே எடுக்க வேண்டும். ஆனால் அந்நூலகத்தில் ஸ்டாக் கிளாஸை, ஒரு பட்டியலான வெக்டர் கிளாஸின் சேயாக எழுதிவிட்டதால், வெக்டரின் மெத்தட்கள் அனைத்தும் அதற்கு உரிமையாகிவிட்டன, அடுக்கின் நடுவிலும் ஒன்றைச் செருக முடிகிறது. ஸ்டாக்கிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஸ்டாக்கே ஒரு பட்டியல் ஆகிவிடாது. உங்களை ஸ்டாக் எழுதச் சொன்னால், பட்டியலை உள்ளே பிரைவேட்டாக வைத்துக்கொண்டு, புஷ் (மேலே வைத்தல்), பாப் (மேலிருந்து எடுத்தல்) ஆகிய இரண்டை மட்டும் வெளியே தெரியும்படி எழுதுங்கள்.