ஆயா மரத்துக்கு எல்ம் நோய் வருமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து வேலியோரம் தாத்தா காலத்து ஆயா மரம் நிற்கிறது. ‘இது எல்ம் சாதி. ஐரோப்பாவில் எல்ம் எல்லாம் நோயில் பட்டுப்போயின. இப்போதே கொடுத்தால் நாலு காசு மிஞ்சும்’ என்கிறார் மரத் தரகர். வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். தரகர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைக் காட்டித்தான் மீதிப் பொய்யை விற்கிறார்.

ஆயா (ஆவி மரம் என்றும் சொல்வார்கள்) குளிர்நாட்டு மரமான எல்மின் குடும்பம்தான். தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இதை எல்ம் பேரினத்திலேயே வைத்திருந்தார். 1848இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளர் ஹோலோப்டீலியா என்று தனிப் பேரினமாகப் பிரித்தார். எல்ம் இலைக்கு விளிம்பெல்லாம் பல் இருக்கும். உங்கள் மரத்து இலை விளிம்பு மழுமழுவென்று இருக்கும், கசக்கினால் நாறும்.

பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல் எல்ம்களைக் கொன்றது ஒரு பூஞ்சை. மரப்பட்டை வண்டுதான் அதைச் சுமந்து பரப்புகிறது. அந்தப் பூஞ்சைக்கு வேண்டியது எல்ம். தமிழ்நாட்டில் இயற்கையாக வளரும் எல்ம் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியானால் இந்தியாவில் எல்ம் இல்லையா என்பீர்கள். இமயமலையில் உண்டு. அந்தப் பூஞ்சையின் உறவுக்காரப் பூஞ்சை ஒன்றையும் 1990களில் அங்கே கண்டுபிடித்தார்கள். ஆனால் அது அங்குள்ள எல்ம்களைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லவில்லை. அந்த மரங்களுக்குப் பெரிய தொல்லை, மாட்டுத் தீவனத்துக்காகக் கிளை கழிப்பதுதான். ஐரோப்பிய மரத்தின் கதையை உங்கள் வேலியில் கட்ட இடம் கொடுக்காதீர்கள்.

மரக் குடும்பங்களைப் பழைய கணக்கில் சொல்லி ஆளைக் குழப்பும் பாடத்திட்டமும் தரகருக்கு உதவுகிறது. நம் கல்லூரிகள் பல இன்னும் 19ஆம் நூற்றாண்டின் பெந்தம்–ஹூக்கர் தாவர வகைப்பாட்டு முறையைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கின்றன. அதில் எல்ம்கள் காஞ்சொறிக் குடும்பத்துக்குள் கிடக்கின்றன. எல்ம் குடும்பத்தில் இருந்த செல்டிஸ், ட்ரெமா என்ற மர இனங்கள் கஞ்சாக் குடும்பத்துக்கு மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ‘வீட்டில் ட்ரெமா நின்றால் போலீஸ் வரும்’ என்று எந்தத் தரகரும் இன்னும் கிளம்பாதது ஆச்சரியம்தான்.

எப்போதாவது விற்க நேர்ந்தால், நிற்கும் மரத்துக்குக் கண்மதிப்பில் மொத்த விலை பேசாதீர்கள். நெஞ்சுயரத்தில் சுற்றளவை நீங்களே அளந்து வையுங்கள். ஆயா தேக்கு அல்ல. பெட்டி அடிக்கப் போகும் மரம். அதற்காக விறகு விலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

தை, மாசியில் மரம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். ‘பாருங்கள், காய்கிறது’ என்று அப்போதுதான் ஆள் வரும். இளங்கிளையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம்.