ஜூலையில் ஃபேன்டஸி ஹாக்கி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நண்பர்களோடு ஒரு ஃபேன்டஸி லீக் ஆடுகிறேன்: நிஜ வீரர்களைத் தேர்ந்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, அவர்களின் ஆட்டக் கணக்கை வைத்து மோதுவோம். பன்னிரண்டு அணிகள், வாராவாரம் ஒருவரோடு ஒருவர் மோதும் முறை. கோல், அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), பவர் பிளே புள்ளி (எதிரணியில் ஆள் தண்டனையாக வெளியே இருக்கும்போது எடுப்பது), ஷாட், ஹிட் (உடலால் மோதுவது), பிளாக் (எதிரணியின் ஷாட்டைக் குறுக்கே நின்று தடுப்பது) ஆகியவை ஆட்டக்காரர்களுக்கு. கோல்கீப்பர்களுக்கு வெற்றி, ஆட்டத்துக்கு எத்தனை கோல் விட்டார் என்ற சராசரி, சேவ் சதவீதம் (வந்த ஷாட்களில் தடுத்த பங்கு). ஆளுக்கு நான்கு பேரை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

போன சீசனில் எட்டாவதாக வந்தேன். டிராஃப்டுக்கு, அதாவது முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு, முந்தின இரவுதான் உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய சீசனில் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து ஆளெடுத்தேன். இரண்டாவது ரவுண்டிலேயே எடுத்த கோல்கீப்பர் காலை வாரிவிட்டார். எங்கள் லீக்கில் அடிக்கடி ஜெயிக்கும் ஒருவர், சீசன் ஜூலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்கிறார். நிஜமாகவே ஜூலையில் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா? என் மனைவி கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். புதிதாக வரும் இளம் வீரர்களை எப்படி எடைபோடுவது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ். ஆர்.

அன்புள்ள எஸ். ஆர்.,

உங்கள் மனைவி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஜூலையில் வேலை உண்டு, ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தால் சில மாலை நேரங்கள்தான் ஆகும். உங்கள் நண்பர் கோடை முழுக்க எக்செல் ஷீட்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அப்படி உட்கார்ந்திருந்தால் அது அவர் ஜெயிப்பதற்குக் காரணமாக இருக்காது.

நீங்கள் வீரர்களின் புள்ளிப் பட்டியலை (கோலும் அசிஸ்டும் சேர்ந்ததுதான் புள்ளி) மேலிருந்து கீழாகப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான். அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை, ஆனால் ஒருவர் யாரோடு, எந்த லைனில் (சேர்ந்து களமிறங்கும் குழுவில்), எத்தனை நிமிடம் ஆடி அந்தப் புள்ளிகளை எடுத்தார் என்று அது சொல்லாது. கோடையில் ஒரு வீரரின் கைத்திறன் மாறிவிடாது. அவர் ஆடும் இடம் மாறிவிடும். அதைத்தான் ஜூலையில் பார்க்க வேண்டும்.

2024 ஜூலை 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறந்த நாள். டாம்பா பே அணியில் அத்தனை வருடம் ஆடிய ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் அன்று நாஷ்வில் அணிக்குப் போனார். வேகஸில் 42 கோல் அடித்திருந்த ஜொனாதன் மார்ஷஸோவும் அங்கேயே போனார். அந்தக் கோடையின் வெற்றியாளர் நாஷ்வில்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். ஃபேன்டஸி டிராஃப்டுகளிலும் அந்த உற்சாகம் அப்படியே வந்து உட்கார்ந்தது. சீசன் முடிந்தபோது நாஷ்வில் அணிகளின் பட்டியலில் 68 புள்ளிகளோடு கடைசியிலிருந்து மூன்றாவதாகக் கிடந்தது. முந்தைய சீசனில் 40 கோல், 81 புள்ளி எடுத்த ஸ்டாம்கோஸ், ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடியும் 27 கோல், 53 புள்ளியோடு முடித்தார். மார்ஷஸோவின் கோல்கள் 42-லிருந்து 21-ஆகப் பாதியானது.

ஸ்டாம்கோஸுக்கு அப்போது வயது 34, அதுவும் ஒரு காரணம். ஆனால் டாம்பாவில் அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். அது 2023-24-ல் லீக்கிலேயே சிறந்த பவர் பிளே. பந்தைக் கொடுப்பவர் நிகிடா குச்செரோவ், அந்த ஒரே சீசனில் 100 அசிஸ்ட் எடுத்தவர். (பந்து என்று கைப்பழக்கத்தில் வந்துவிட்டது, பக் என்று திருத்தி வாசியுங்கள், ஐஸ் ஹாக்கியில் அடிப்பது பக் என்ற தட்டையான வட்டைத்தான்.) பனியில் வரைந்திருக்கும் இடது வட்டத்தில் ஸ்டாம்கோஸ் நிற்பார், பக் வரும், வந்த வேகத்திலேயே அடிப்பார். நாஷ்வில்லில் வட்டம் இருந்தது, குச்செரோவ் இல்லை.

சரி, டாம்பாவில் காலியான இடத்துக்கு என்ன ஆனது? அதே ஜூலை 1-ல் ஜேக் கென்ட்ஸலை எடுத்தார்கள். அவர் ஸ்டாம்கோஸ் மாதிரி வட்டத்தில் நின்று அடிப்பவர் அல்ல, வலைக்கு முன்னால் நின்று வேலை பார்ப்பவர். ஆனால் முதல் பவர் பிளே யூனிட்டில் ஓர் இடம் அவருக்குக் கிடைத்தது, 41 கோல் அடித்தார். கோடையில் எல்லோரும் இடம் மாறிய பெரிய பெயரைப் பார்ப்பார்கள். நீங்கள் அவர் விட்டுப்போன இடத்தைப் பாருங்கள். அதோடு, அவர் போய்ச் சேர்ந்த அணியில் முதல் யூனிட்டிலிருந்து யார் வெளியே தள்ளப்படுகிறார் என்றும் பாருங்கள். அந்த மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள்.

இதைவிடக் கொடுமையான உதாரணம் ஜொனாதன் ஹூபர்டோ. 2021-22-ல் ஃப்ளோரிடாவுக்கு 115 புள்ளி எடுத்தார், அதில் 85 அசிஸ்ட். அசிஸ்ட் என்பது பக்கத்திலிருப்பவர் கோல் அடித்தால்தான் கணக்கில் ஏறும். ஃப்ளோரிடா அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி. ஜூலையில் கால்கரிக்கு மாற்றினார்கள், அடுத்த சீசனில் 55 புள்ளி. ஒரே சீசனில் 60 புள்ளி சரிவு, என்.எச்.எல். வரலாற்றிலேயே அதுதான் மிகப்பெரியது. அதே பரிமாற்றத்தில் எதிர்த்திசையில் போன மேத்யூ டக்கச், கால்கரியில் 104 எடுத்தவர், ஃப்ளோரிடாவில் 109 எடுத்தார். இடம் மாறினாலே எல்லோரும் விழுந்துவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கிருந்து எங்கே போகிறார் என்பதைக் கேட்க வேண்டும்.

ஆகவே ஜூலை முதல் வாரம் முடிந்ததும் அணிக்கு ஒரு தாள் போடுங்கள். முதல் இரண்டு லைன், முதல் பவர் பிளே யூனிட்டின் ஐந்து பேர், போனவர்கள், வந்தவர்கள். அவ்வளவுதான். இரண்டு நிமிட பவர் பிளேயில் பெரும்பகுதியை முதல் யூனிட்தான் ஆடும், இரண்டாவது யூனிட் களத்தில் இறங்கி மூச்சுவிடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். உங்கள் லீக்கில் பவர் பிளே புள்ளி தனிக் கணக்கு என்பதால் இந்தத் தாள் உங்களுக்கு இரட்டிப்புப் பயன் தரும்.

அடுத்தது ஷாட் சதவீதம். அடிக்கும் நூறு ஷாட்டில் எத்தனை உள்ளே போகிறது என்ற கணக்கு. லீக் சராசரி பத்தை ஒட்டியே இருக்கும், நல்ல அடிக்காரர்களுக்குப் பதினைந்து, அதற்குச் சற்று மேல். சாம் ரைன்ஹார்ட் 2023-24-ல் 57 கோல் அடித்தபோது அவருடைய சதவீதம் 24.5. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் 33, 31 கோல். அடுத்த சீசனில் 39. அவர் மோசமாகிவிடவில்லை, 39 கோல் அருமையான சீசன்தான். ஆனால் 57-க்கான விலை கொடுத்து எடுத்தவருக்கு அது நஷ்டம். வேகஸின் முதல் சீசனில் வில்லியம் கார்ல்ஸன் 43 கோல் அடித்தார், சதவீதம் 23-ஐத் தாண்டியிருந்தது. அடுத்த சீசனில் 24 கோல். இப்படிச் சதவீதம் துள்ளிய பெயர்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஷாட் எண்ணிக்கை நிறைய, பனியில் இருந்த நிமிடமும் நிறைய, ஆனால் கோல் மட்டும் உள்ளே போகவில்லை என்று ஒருவர் இருந்தால் அவரைப் பச்சையில். அவரை உங்கள் நண்பர்கள் கீழே விட்டுவிடுவார்கள்.

உங்கள் லீக்கின் விதிகளைக் கடிதத்தில் சரியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஆளெடுக்கும்போது அவற்றை மறந்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. ஹிட்டும் பிளாக்கும் கணக்கில் உண்டு என்றால் வெறும் புள்ளிப் பட்டியல் உங்களுக்குப் பாதிதான் உதவும். டெட்ராய்டின் மோரிட்ஸ் சைடர் 2023-24-ல் 42 புள்ளிதான் எடுத்தார், பட்டியலில் தேடினால் எங்கேயோ கீழே இருப்பார். ஆனால் ஹிட், பிளாக் இரண்டிலும் 200-ஐத் தாண்டினார். உங்கள் முறையில் அவர் பல 70 புள்ளிக்காரர்களைவிட வாரத்தை அதிகம் ஜெயித்துக் கொடுப்பார். பிரேடி டக்கச் மாதிரி கோல், ஷாட், ஹிட் மூன்றையும் தரும் ஃபார்வர்டு உங்களுக்குத் தங்கம்.

கோல்கீப்பர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. இரண்டாவது ரவுண்டில் எடுக்காதீர்கள். கோல்கீப்பர் அல்லாத ஆட்டக்காரர்களின் எண்கள் சீசனுக்குச் சீசன் ஓரளவு தொடரும், கோல்கீப்பர்களுடையது தொடராது. பாஸ்டனின் லீனஸ் உல்மார்க் 2022-23-ல் 40 வெற்றி, 0.938 சேவ் சதவீதத்தோடு, சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா கோப்பை வாங்கினார். அந்தக் கோடையில் பாட்ரிஸ் பெர்ஜெரோன், டேவிட் க்ரெய்ச்சி என்ற இரண்டு மூத்த சென்டர்களும் ஓய்வு பெற்றார்கள். உல்மார்க்கின் அடுத்த சீசன் 22 வெற்றி, 0.915. மேலே சொன்ன நாஷ்வில்லின் யூஸ் சரோஸ் 35 வெற்றியிலிருந்து 20-க்கு வந்தார், 0.896. கோல்கீப்பரை எடுக்கும்போது அவருக்கு முன்னால் ஆடும் அணியையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். 2022 முதல் 2025 வரை மூன்று சீசன்களில் ஒன்றில்கூட 60 ஆட்டத்துக்குக் குறையாத கானர் ஹெல்லபக் போன்றவர் விதிவிலக்கு. மற்றவர்களில் நடுத்தர விலையில் இரண்டு பேரை எடுப்பது நல்லது. வாராவாரம் வெற்றியைக் கணக்கிடும் லீக்கில் எத்தனை ஆட்டம் ஆடுவார் என்பதுதான் முதல் கேள்வி.

நான்கு பேரை வைத்துக்கொள்ளும் விதியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பன்னிரண்டு நான்கு, 48 பேர் டிராஃப்டுக்கு முன்பே போய்விடுகிறார்கள். உங்கள் முதல் ரவுண்ட் நிஜத்தில் ஐந்தாவது ரவுண்ட். இணையத்தில் கிடைக்கும் தரவரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் குழம்புவீர்கள். மற்ற பதினோரு பேர் யாரை வைத்துக்கொள்வார்கள் என்று ஊகித்து, அந்தப் பெயர்களை அடித்துவிட்டு, மிஞ்சுவதை வரிசைப்படுத்துங்கள். யார் மிஞ்சுவார்கள் என்பது ஆளைப் பொறுத்தது. சிலர் சொந்த ஊர் அணியின் வீரரை எப்படியும் விடமாட்டார்கள், அவர்களிடம் ஆகஸ்டிலேயே ஒரு பரிமாற்றம் பேசிப் பார்க்கலாம்.

ஆட்ட அட்டவணை வந்ததும் ஒரு பார்வை போதும். செவ்வாய், வியாழன், சனி நாட்களில் ஆட்டங்கள் நெரியும், உங்கள் நல்ல ஆட்கள் இடமில்லாமல் பெஞ்சில் கிடப்பார்கள். மற்ற நாட்களில் அதிகம் ஆடும் அணிகள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ரவுண்டுகளில் இரண்டு சமமான பெயர்கள் வந்தால் இதை வைத்து முடிவெடுக்கலாம். உங்கள் லீக்கின் நாக்-அவுட் வாரங்களையும் அப்படியே.

காயச் செய்திகள் ஆகஸ்டில்தான் கசியும். 2025 ஆகஸ்டில் மேத்யூ டக்கச்சுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, டிசம்பர் வரை வரமாட்டார் என்பது டிராஃப்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். காயப் பட்டியலுக்கு உங்கள் லீக்கில் எத்தனை இடம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று இருந்தால் அப்படிப்பட்டவரை மலிவாக எடுத்து அங்கே போட்டுவிடலாம். ஒன்றுதான் என்றால் யோசிக்க வேண்டும்.

இளம் வீரர்களுக்கு வருகிறேன். முதல் சீசனின் பரபரப்புக்கு விலை கொடுக்காதீர்கள். மேக்லின் செலப்ரினி முதல் சீசனில் 70 ஆட்டத்தில் 63 புள்ளி எடுத்தார், உண்மைதான். ஆனால் என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2020-ல் முதலாவதாகத் தேர்வான அலெக்ஸி லாஃப்ரெனியே முதல் சீசனில் எடுத்தது 21 புள்ளி, 57 எடுக்க நான்காவது சீசன் ஆனது. 2022-ன் முதல் தேர்வு யுராய் ஸ்லஃப்கோவ்ஸ்கி 39 ஆட்டத்தில் 10, அடுத்த சீசனில் 50. முதல் வருடம் ஏமாற்றியவரை மற்றவர்கள் கைவிடும்போது நீங்கள் போய் எடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆளை வைத்துக்கொள்ளும் லீக்கில் அந்தப் பொறுமைக்குக் கூலி உண்டு.

செப்டம்பரில் பயிற்சி முகாம் தொடங்கியதும் உங்கள் தாள்களை எடுத்து, லைன்களும் பவர் பிளே யூனிட்டும் நீங்கள் ஊகித்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். முன்னோட்ட ஆட்டங்களில் யார் எத்தனை கோல் அடித்தார் என்பதைப் பொருட்படுத்தாதீர்கள், யாரோடு ஆடினார் என்பதை மட்டும் பாருங்கள். 2026-27 சீசனிலிருந்து முறையான ஆட்டங்கள் 84, முன்னோட்ட ஆட்டங்கள் அணிக்கு நான்குக்கு மேல் கிடையாது. முகாமில் கிடைக்கும் தடயங்கள் குறையும், ஜூலையில் போட்ட தாளுக்கு மதிப்பு கூடும். இந்த வகையில் உங்கள் நண்பர் சொன்னது சரிதான்.

தளங்கள் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஷாட், நிமிடக் கணக்குகளுக்கு நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக், லைன்களுக்கு டெய்லி ஃபேஸ்ஆஃப், ஒப்பந்தங்களுக்கு பக்பீடியா. ஒப்பந்த விவரங்களுக்கு முன்பு நாங்கள் எல்லோரும் கேப்ஃப்ரெண்ட்லியைத்தான் பார்ப்போம். 2024-ல் வாஷிங்டன் அணி அதை விலைக்கு வாங்கிப் பொதுமக்களுக்கு மூடிவிட்டது, எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

நீங்கள் வைத்துக்கொள்ளப்போகும் நால்வர் யாரென்று எழுதவே இல்லையே. அதில் ஒருவர் அந்தக் கோல்கீப்பராக இருந்தால் முடிவெடுக்கும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்