‘கிரேஸ் அனாட்டமி’யின் துக்க எபிசோட்: கேள்வி பதில்

பார்க்காத ஆக்களுக்கு: இது ஒரு வைத்தியசாலையைப் பற்றின அமெரிக்க டிவி நாடகம். அதில ஜோர்ஜ் ஓ'மாலி எண்ட இளம் டொக்டர் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் காப்பாத்தப் போய் பஸ்ஸில அடிபடுறார். முகம் சிதைஞ்சதால கூட வேலை செய்யிறவைக்கே ஆளைத் தெரியேல்லை. அவர் செத்த பிறகு அந்த வைத்தியசாலை படுற பாடுதான் ஆறாம் சீசனின்ர தொடக்கம். நான் வன்னியில தாதியா இருந்து இப்ப உளநலப் பிரிவில வேலை செய்யிறன்.

கிளிநொச்சி, ஒரு தங்கச்சி: மிஸ், அதில சொல்லுற துக்கத்தின்ர அஞ்சு கட்டமும் உண்மையோ? அம்மம்மா செத்து எட்டு மாசம். எனக்குக் கோவமே வரேல்லை.

வராட்டிப் பிழையில்லை, தங்கச்சி. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு எண்ட அஞ்சையும் எலிசபெத் கியூப்ளர்-ரொஸ் 1969இல எழுதினவ. சாகப்போற நோயாளிகளோட கதைச்சு எழுதினது. பிறகுதான் மிஞ்சின ஆக்களின்ர துக்கத்துக்கும் அதையே பிடிச்சுக்கொண்டினம். ஏணிப்படி மாதிரி ஏறி முடிக்கிற விசயமில்லை இது. காலமை சிரிச்சுப்போட்டு, மத்தியானம் அவவின்ர சீலையைக் கண்டு அழுறது வழமைதான். ஆனா ஆறு மாசம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், சாப்பாடு, வேலை, ஆக்களோட பழக்கம் எல்லாம் குழம்பிக் கிடந்தா உளநலக் கிளினிக்குக்கு வாங்கோ. வீட்டில கிடக்கிற ஆற்றையோ நித்திரைக் குளிசையை மட்டும் எடுக்காதேங்கோ.

மாங்குளம்: மெசினில இதயத் துடிப்புக் கோடு நேரானதும் நெஞ்சில கரண்ட் வைக்கினமே?

நாடகத்தில மட்டும். நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி பயன்படாது. நெஞ்சை அமத்துறதும் அட்ரினலின் ஊசியும்தான்.

பரந்தன்: ஜோர்ஜின்ர உறுப்புகளைத் தானத்துக்கு எடுக்கினம். இஞ்சயும் நடக்குமோ?

ஓம். 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. மூளை செத்தாலும் மெசினில நெஞ்சு ஏறி இறங்கும், கை சூடா இருக்கும். அதைப் பாத்துக்கொண்டு நிக்கிற தாய்க்கு ஆறுதலா விளங்கப்படுத்தாமல் படிவத்தை நீட்டுறது கொடுமை.

வட்டக்கச்சி: மெரடித்தும் டெரிக்கும் கடைசியில சேருவினமோ?

அது என்ர துறையில்லை.

விசுவமடு: அஞ்சு கட்டத்தையும் விளங்கப்படுத்துங்கோ.

மேல முதல் பதில்.

முள்ளியவளை, ஒரு தம்பி: அண்ணா 2009இல காணாமல் போனவர். பெரியம்மா இன்னும் அவருக்குச் சோறு எடுத்து வைக்கிறா. அந்தியேட்டி செய்தா அவவுக்கு ‘ஏற்பு’ வருமோ?

தம்பி, அவசரப்படாதேங்கோ. ஜோர்ஜ் தோழியின்ர உள்ளங்கையில விரலால 007 எண்டு எழுதித் தன்னைக் காட்டிக்குடுக்கிறார். அதால அவைக்கு ஒரு பேரும் ஒரு உடலும் கிடைச்சுது. அந்தக் காட்சி அமெரிக்காவில போனது 2009 மே 14. அந்தக் கிழமை முள்ளிவாய்க்காலில ஆர் தப்பினது, ஆர் இல்லை எண்டு பாக்கக்கூட ஏலாமல் சனம் ஓடினது. உங்கட பெரியம்மாவுக்கு எந்த உடலும் கிடைக்கேல்லை. இதைத் தெளிவற்ற இழப்பு எண்டு போலின் பொஸ் எண்ட ஆய்வாளர் பிரிச்சுச் சொன்னவ. முடிவு தெரியாத இடத்தில முடிக்கச் சொல்லி நெருக்கினா, மகனைத் தானே கொண்டுபோட்ட மாதிரி அவவுக்குக் குற்ற உணர்வு வரும்.

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிழை, மிஸ். காடாத்து, எட்டு, முப்பத்தொண்டு எல்லாம் மனம் ஆறத்தான் வைச்சது. நீங்கள் பொய் நம்பிக்கையை வளர்க்கிறீங்கள்.

சேர், செத்தது தெரிஞ்ச வீட்டில அந்தச் சடங்குகள் செய்யிற வேலையை நான் கண்ணால கண்டிருக்கிறன். இது வேற வீடு. வருவான் எண்டும் நான் சொல்லேல்லை, வரமாட்டான் எண்டும் சொல்லேல்லை.

தருமபுரம், ஒரு அம்மா: சேர், என்ர மகனை நான் கையில பிடிச்சுக் குடுத்தனான். ஆருக்குத் திவசம் செய்யச் சொல்லுறீங்கள்?

வவுனியா ஆசிரியர்: அம்மா, உங்களை நோகடிக்கச் சொல்லேல்லை. ஆனா பதிவு, காணி, பென்சன் எல்லாத்துக்கும் மரணச் சான்றிதழ் கேக்கிறாங்களே?

இதுக்குத்தான் 2016இல சட்டம் திருத்தினது, சேர். சாவெண்டு பதியாமல், ஆள் காணேல்லை எண்டே சான்றிதழ் எடுக்கலாம். எடுத்தா மகனைக் கைவிட்டதாகாது. எடுக்க மனமில்லாத தாயை ஆரும் கட்டாயப்படுத்தவும் கூடாது. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20 தொடங்கிப் போராட்டத்தில இருந்த, பிள்ளையளைக் காணாத அம்மாக்கள் கேட்டது பதில். அவையை ‘மறுப்புக் கட்டத்தில’ நிக்கினம் எண்டு ஒரு நாடகத்தைப் பாத்துச் சொல்லுறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். தம்பி, பெரியம்மாவிட்ட அண்ணாவைப் பற்றிக் கேளுங்கோ. பக்கத்தில இருந்து சாப்பிடுங்கோ.

உடையார்கட்டு: அஞ்சு கட்டத்துக்கும் எத்தனை மாசம்?

கட்டமுமில்லை, கணக்குமில்லை. மேல வாசியுங்கோ.

ஒட்டுசுட்டான்: அம்மாவுக்கு நித்திரையே இல்லை. அப்பாவின்ர குளிசையில பாதி குடுக்கட்டோ?

வேண்டாம். பாதியும் வேண்டாம். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இரவில சாகிற கதை கதைச்சா தனிய விடாமல் உளநல உதவி நம்பர் 1926க்கு அடியுங்கோ.